கடித்த கோப்பை

அச்சு கைமாறிக் கைமாறி
ஏழாவது நாற்காலிக்கு வந்தபோது
வெதுவெதுப்பாக இருந்தது,
ஆறு பேரின் உள்ளங்கைச் சூடு.
வெள்ளை பிளாஸ்டரில் ஒரு கீழ்த்தாடை.
முன்பற்களில் ஒன்று சற்றே திரும்பி
பக்கத்துப் பல்லிடம் ஏதோ கேட்பதுபோல் நின்றது.

அர்லீன் டகெட்டுக்குக் கோழிப்பண்ணையில் வேலை.
நாளொன்றுக்கு நாலாயிரம் குஞ்சுகளைக் கையிலெடுத்து
சேவலா பெட்டையா என்று பிரிப்பவள்.
நூற்றுக்கு இரண்டு தப்பலாம்,
கணக்கில் அதற்கு இடம் விட்டிருந்தார்கள்.
சேவல் பெட்டி எங்கே போகிறதென்று
அவள் கேட்டதில்லை.

சாட்சிக்கூண்டில் பல் மருத்துவர் க்விஸ்ட்
புகைப்படத்தின் மேல் கண்ணாடித்தாளை வைத்தார்.
வெர்னா ஸ்டோக்ஸின் தோளில் ஊதா வளையம்,
அதன்மேல் ஓடெல் ப்ரூயிட்டின் வாய்.
கொஞ்சம் நகர்த்தினார். இன்னும் கொஞ்சம்.
"இதோ" என்றார்.
பொருந்தும்வரை நகர்த்தினால் எதுதான் பொருந்தாது
என்று கேட்டிருக்க வேண்டிய வக்கீல்
குனிந்து கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

தோல் மெழுகு அல்ல.
இழுபடும், வீங்கும், உயிர் போனபின் சுருங்கும்.
கையைத் தூக்கினால் ஒரு வடிவம், தாழ்த்தினால் வேறு.
அது கடிதானா என்பதிலேயே
இரண்டு மருத்துவர்கள் ஒத்துப்போக மாட்டார்கள்.
இதெல்லாம் பிறகு வந்த பேச்சு.
அன்றைக்கு, ஆர்கன்சாவின் அந்த ஆகஸ்ட் வெக்கையில்,
மேசை விசிறி ஒன்று மட்டும்
இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

தமிழில் எழுதுகிற என் கண்ணில் இது படாமல் போகாது:
பல என்று எழுதி
கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால்
பல்.
பல பேரின் வாய், பல விதமாக வரும் காயம்.
ஒரு புள்ளி. ஒரே ஆள்.

ஆலோசனை அறையில் பன்னிரண்டு பேர்,
ஆறிப்போன காப்பி, தெர்மாகோல் கோப்பைகள்.
பதற்றத்தில் எல்லோரும் விளிம்பைக் கடித்திருந்தார்கள்.
கழிப்பறைக்குப் போய்த் திரும்பிய அர்லீன்
தன் கோப்பையைத் தேடினாள்.
இதுவா?
இல்லை, அதுவா?
ஒன்றை எடுத்து உதட்டருகே கொண்டுபோய்
தன் பல்தடம்தானா என்று தனக்கே தெரியாமல்
கீழே வைத்தாள்.
புதிதாக ஒன்றை எடுத்து ஊற்றிக்கொண்டாள்.
பிறகு கை தூக்கச் சொன்னார்கள்.
தூக்கினாள்.

இருபத்தாறு வருடம் கழித்து
வெர்னாவின் நகக்கண்ணில் இருந்தது வேறொருவன் என்று
ஆய்வகம் சொன்ன அன்று
க்விஸ்ட் ஃபுளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.
"அன்றைய அறிவியல் அவ்வளவுதான்" என்றார் தொலைபேசியில்.
பல்மேல் நாக்குப் போட்டு இதைச் சொல்ல
அவருக்குக் கூசவில்லை.

சிறையில் பல்வலி என்றால் பிடுங்குவார்கள்.
அடைப்பதற்குச் செலவு அதிகம்.
ஒவ்வொன்றாகப் போய்
அந்தத் திரும்பிய பல்லும் ஒரு செவ்வாய்க்கிழமை போனது.
நீதிமன்ற நிலவறையில், அட்டைப்பெட்டிக்குள்,
ஓடெலின் பற்களுக்கு மட்டும்
இன்னும் வயது முப்பத்தொன்று.

போன மாதம் மளிகைக் கடையில் அவனைப் பார்த்தாள்.
கூடையில் பீச் டப்பா, ஓட்ஸ், கனிந்த வாழைப்பழம்.
தன் கூடையில் இருந்த ஆப்பிள்களை
என்ன செய்வதென்று தெரியாமல்
ரொட்டியால் மூடினாள்.
அவன் ஒதுங்கி நின்று
முன்னால் போங்கள் என்று கை காட்டினான்.
யாரோ வயதான பெண்மணி என்றுதான் நினைத்திருப்பான்.

பேரைச் சொல்ல வாய் திறந்தாள்.
"பை வேண்டுமா?" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.
"வேண்டாம்."

எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.
ஒரு ஆப்பிள் நழுவி
நின்றிருந்த கார்களுக்கு அடியில் உருண்டது.
அது எங்கே நிற்கிறதென்று
அவள் குனிந்து பார்க்கவில்லை.